சுவரைப் பார்த்த பாதி

அந்தக் குடும்பத்தில் எதையும் முன்பக்கம் மட்டும்தான் துடைப்பார்கள். வீட்டுக்கு வண்ணம் அடித்தால் தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டும். காலணிக்கு மெருகு போட்டால் விரல் பக்கம் மட்டும். குதிகால் பக்கம் பின்னால் வருகிறவன் பாடு. பெரியப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகிற நாளில், சட்டையில் காலரையும் மார்பில் ஒரு சாண் அகலத்தையும் இஸ்திரி போட்டால் போதும் என்பார். ஒருமுறை மேடையில் புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றப் போய், பாதிக் கையை உருவியதும் சட்டையின் நிலைமை நினைவுக்கு வந்து, அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட எளிமையைப் பற்றிப் பேசி முடித்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், சுவரைக் குடைந்து ஒரு மாடம். அதற்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு பலகைமேல் திருகாணி போட்டு முடுக்கிய வெள்ளிக் கோப்பை. ஒரு முழ உயரம். இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி கைப்பிடி. அதன் வயிற்றில், நேராக நம்மைப் பார்த்து வருவதாகச் செதுக்கிய ஒரு மோட்டார் சைக்கிள். அதன்மேல் தொப்பியும் காற்றைத் தடுக்கும் கண்ணாடியும் மாட்டிய ஒரு மனிதர். விளிம்புக்குக் கீழே ஓடுகிற பட்டையில், 'மோட்டார் சைக்கிள் பந்தயம், முதல் பரிசு' என்ற எழுத்துகள். மோட்டார் சைக்கிள் என்பது சைக்கிளுக்கு வந்த வியாதியா, வைத்தியமா என்று மக்கள் இன்னும் முடிவு செய்யாத காலத்தில் நடந்த பந்தயம் அது.

கோப்பையை வாங்கியவர் பெரியப்பாவுக்குத் தாத்தா. பெரியப்பாவின் தம்பி மகனான, நம் கதைக்குரிய கண்ணாடிக்காரருக்குக் கொள்ளுத்தாத்தா. செத்துப் பல வருடம் கழித்து அவருக்குப் 'புயல்' என்று பெயர் வைத்தது பெரியப்பா. ஒரு சிறப்பு மலரில் கட்டுரை எழுதி, கோப்பையில் உள்ள ஒவ்வொரு கீறலுக்கும் விளக்கம் கொடுத்துவிட்டார். வண்டியின் அடியிலிருந்து ஒரு தடித்த கோடு கிளம்பி, கைப்பிடிக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போகும். அது வேகத்தைக் காட்டச் சிற்பி இழுத்த கோடு. அந்தக் குடும்பத்துக் காதுகள் ஊரறிந்தவை. ஒவ்வொருவரும் இரண்டு கதவையும் திறந்து வைத்த பீரோ மாதிரி இருப்பார்கள். ஆனால் வண்டியில் வருகிறவரின் காது தெரியவில்லை. அதற்கும் விளக்கம் இருந்தது: 'காற்று தடுக்குமென்று தொப்பிக்குள் மடக்கி வைத்தார்.'

புயல் உயிரோடு இருந்தவரை, பந்தயத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வாராம். "நான் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். காத்து நல்லா வந்துது." கேட்டவர்கள் கண் கலங்கிப் போவார்களாம். என்ன ஒரு அடக்கம்!

வருடத்துக்கு ஒருமுறை, அவர் பிறந்த நாளில், பெரியப்பா கண்ணாடிக் கதவைத் திறந்து, ஈரத் துணியில் பல்பொடி தொட்டு, கோப்பையை முன்பக்கம் மட்டும் தேய்ப்பார். பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது. கை நுழையாது. நுழைந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

*

இந்தப் பெருமையெல்லாம் கண்ணாடிக்காரரை ஒன்றும் செய்யாமல்தான் இருந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பலகையில் எழுத்துகளைக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் புயலோடு என்ன வேலை? ஆனால் ஒரு காலையில் பெரியப்பா கைத்தடியோடு கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் ஒரு அழைப்பிதழை வைத்தார்.

"படி."

பழைய வண்டிகள் சங்கம் நடத்தும் காட்சி. விளையாட்டு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை. மேடையில் வெள்ளிக் கோப்பை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'புயலின் வாரிசு, புயலின் வண்டியில்!'

"யாரு பெரியப்பா வாரிசு?"

"எனக்கு முட்டி இப்படி. என் பையன் வெளிநாட்டுல. அப்ப யாரு?"

"நானா?"

"ரெண்டு சுத்து. வளைவுல கொஞ்சம் சாஞ்சு, ஸ்டைலா. தாத்தா பண்ணின மாதிரி."

"பெரியப்பா, நான் மோட்டார் சைக்கிளைத் தொட்டே முப்பது வருஷம் ஆச்சு."

"தொட்ட அன்னைக்கு என்ன வேகம்! ஊரே பேசுச்சேடா!"

ஊர் பேசியது உண்மை. பத்தொன்பது வயதில் நண்பனின் வண்டியை வாங்கி ஏறி, நேராக ஒரு மெத்தைக் கடைக்குள் போய், அடுக்கி வைத்திருந்த மெத்தைகளின் உச்சியில் மல்லாந்து கிடந்தார். ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் வந்து, "எழுப்பட்டுமா, இல்ல படுக்கிறீங்களா?" என்று கேட்டார். வேகத்தை அடக்க முடியாத இளரத்தம் என்று குடும்பத்தில் கதை பரவியது. உண்மையில் அவருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதைத் தேடிக் குனிந்தபோதுதான் மெத்தைக் கடை வந்தது. அன்றைக்கு இறங்கியவர் திரும்ப எந்த வண்டியின் கைப்பிடியையும் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு போக்குவரத்தெல்லாம் மனைவியின் ஸ்கூட்டரில், பின் இருக்கையில்.

"பெரியப்பா, உண்மையச் சொல்லணும்னா..."

"உண்மை ரத்தத்துல இருக்குடா!" என்று பெரியப்பா எழுந்தார். "அழைப்பிதழ் எல்லாருக்கும் போயாச்சு. வர்றவங்கள்ல பாதிப் பேர் உன் கடைக்கு வர்றவங்க. ஞாயிற்றுக்கிழமை நீ வரலைன்னா, திங்கட்கிழமை அவங்க முகத்துல எப்படி முழிப்ப?"

போகும்போது அழைப்பிதழ் ஒன்றைக் கடைக் கதவில் அவரே ஒட்டிவிட்டுப் போனார்.

*

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் தினமும் மக்கள் ரத்தத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுல மோட்டார் சைக்கிள் எதையும் இதுவரைக்கும் பாத்ததில்லை" என்றாள்.

"சிரிக்காத. நான் விழப்போறேன். எல்லார் முன்னாடியும் விழப்போறேன்."

"சொல்லிடுங்களேன், ஓட்டத் தெரியாதுன்னு."

"யார்கிட்ட? அவரு காது ரெண்டும் எவ்வளவு பெருசு பாத்தியா? ஒரு வார்த்தை உள்ள போகாது."

சாயங்காலம் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்கூட்டரை அவர் கையில் கொடுத்துப் பின்னால் நின்றுகொண்டாள். "மெதுவா திருகுங்க... ஐயோ, அவ்வளவு மெதுவா இல்ல. கீழ பாக்காதீங்க, முன்னாடி பாருங்க. முன்னாடின்னா திரும்பி என்னை இல்லைங்க!"

குழந்தை நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர், அதே வேகத்தில் பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்வது தெரிந்தது. நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஒரு பழைய கட்டடம் விழுவது மாதிரி நிதானமாக, தூசி கிளப்பிக்கொண்டு விழுந்தார்.

மனைவி வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? பின்னாடி உக்கார்றப்ப நீங்க ஒரு தடவை கூட தப்பாச் சாஞ்சதில்லை. என் தங்கச்சியெல்லாம் பின்னாடி உக்காந்தா, நான் வலது பக்கம் திரும்பினா அவ இடது பக்கம் சாய்வா. வண்டி தடுமாறும். நீங்க இருந்தா வண்டி தானா வளையுது."

"அது ஒரு திறமையா?"

"எனக்கென்ன தெரியும். சொல்லணும்னு தோணுச்சு. ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் ஏறினார். முதல் வளைவிலேயே உடம்பு தானாகச் சாய்ந்தது. சின்ன ஆறுதல்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு அது எதற்கும் உதவாது.

*

வெள்ளிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு, வண்டியைப் பார்க்கப் பட்டறைக்குப் போனார். போகும் வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார். மழைக்கான அறிகுறி மருந்துக்குக்கூட இல்லை.

பட்டறைக்காரர் பழைய வண்டிகளை எங்கெங்கோ தேடி வாங்கி, வருடக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்ப்பவர். அவருடைய பெருமைக்குரிய வண்டி பட்டறை நடுவில், போர்வை போர்த்திக்கொண்டு நோயாளி மாதிரி நின்றது. போர்வையை அவர் இரண்டு கையாலும் எடுத்தார்.

"பெரியவரு இதைத்தான் உங்க கொள்ளுத்தாத்தா வண்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு. அது இது இல்லைங்க. அதே காலத்து வண்டி, அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் சுற்றிவந்து பார்த்தார். கால் வைக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. கைப்பிடியில் மட்டும் நாலைந்து நெம்புகோல். எண்ணெய்க்கு ஒரு கைப்பம்பு. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"பிரேக்கு?" என்று கேட்டார். அவருக்கு எப்போதும் முதலில் எழுகிற கேள்வி.

"இருக்கு. ஆனா அதை நம்பாதீங்க."

பட்டறைக்காரர் பெட்ரோல் தொட்டியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்துக் கேட்டார்.

"சார் நல்லா ஓட்டுவீங்கல்ல?"

"ரத்தத்துல இருக்குன்னு பெரியப்பா சொல்றாரு."

"ரத்தத்துல இருந்துட்டுப் போகட்டும் சார். கையில இருக்கா?"

கண்ணாடிக்காரர் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்காரரின் முகம், மகளை யாரிடமோ கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பன் முகம் மாதிரி ஆனது. சங்கத்தில் பெரியப்பாதான் கௌரவத் தலைவர். மாட்டேன் என்று சொல்லப் பட்டறைக்காரருக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் சற்று நேரம் வண்டியைச் சுற்றித் துக்க வீட்டில் நிற்பது போல நின்றார்கள்.

மூலையில் பிரம்பால் பின்னிய ஒரு நாற்காலி இருந்தது. அதற்கு ஒரே ஒரு சக்கரம். உள்ளே பூனை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"சைடுகார் சார். இந்த வண்டியோடதுதான். குறுக்க ஒரு தடிக் கம்பி போட்டு மாட்டணும். ஆனா பக்கத்துல உக்கார ஆள் கிடைக்கிறதில்லை. சும்மா உக்காந்தா போதாதே? வளைவுல வெளிய தொங்கி எடை கொடுக்கணும். இல்லன்னா சக்கரம் தூக்கிடும். அதனால பூனை உக்காருது."

அதைக் காதில் வாங்காமலே கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். பூனையின்மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

*

சனிக்கிழமை காலை பெரியப்பா வீட்டில் கோப்பையைக் கழற்றும் வேலை. "நீதான் திருகாணிக்காரன்" என்று பெரியப்பா அவரை வரச் சொல்லியிருந்தார். அவர் கொண்டுபோன திருப்புளி மூக்குக்கண்ணாடிக்கு உரியது. மாடத்தின் திருகாணியில் நுழைத்தால் குளத்தில் தூண்டில் போட்ட மாதிரி இருந்தது. மனைவி ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து பெரியது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாடியிலிருந்து பெரியப்பாவின் குரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. நாளைய பேச்சுக்கு ஒத்திகை. "காற்றைக் கிழித்தவர்! காலத்தை முந்தியவர்! கைப்பிடியைப் பிடித்த அந்தக் கை..." என்று வந்து, "யாரங்கே, தண்ணி!" என்று முடிந்தது.

கூடத்தில் புதிதாக ஒரு சாமான் நின்றது. கடிகாரக் கடையில் கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி மோட்டார் வைத்த வட்ட மேசை. மேடையில் கோப்பை அதன்மேல் இருந்து மெதுவாகச் சுற்ற வேண்டும். நாலா திசையிலும் இருக்கிற மக்கள் புயலின் புகழைத் தரிசிக்க வேண்டும். யோசனை பெரியப்பாவுடையது.

திருகாணி கடைசியில் ஒரு முனகலோடு கழன்றது. கண்ணாடிக்காரர் கோப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்துத் திருப்பினார்.

பின்பக்கம் அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது.

"நல்லாயிருக்கு" என்றாள் மனைவி. "இதைச் சுத்த விட்டா பாதி நேரம் வெள்ளி, பாதி நேரம் கரி."

பல்பொடியும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் தேய்த்தார், அவள் துடைத்தாள். முதலில் அந்தத் தடித்த கோடு கைப்பிடிக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தது. வேகத்தைக் காட்டும் கோடு எங்கேயாவது மெலிந்து மறைய வேண்டும் அல்லவா? அது மெலியவில்லை. நேராகப் போய் ஒரு சக்கரத்தில் சேர்ந்தது.

"என்னங்க, இன்னொரு சக்கரம் வருது?"

சக்கரத்துக்கு மேலே கூடை மாதிரி ஒரு பின்னல். பிரம்புப் பின்னல். ஒவ்வொரு பின்னலையும் பொறுமையாகச் செதுக்கியிருந்தான் சிற்பி. கூடைக்குள்ளிருந்து ஒரு மனிதர் இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி இல்லை. அவர் முகத்தைத் துடைத்தபோது இரண்டு பேரின் கையும் ஒன்றாக நின்றது.

இரண்டு கதவையும் திறந்து வைத்த பீரோ.

"ஐயோ, உங்க காது!" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். பிறகு மேலே இருந்த பட்டையைத் தேய்த்தார். முன்பக்கத்து எழுத்து முன்பக்கத்தோடு முடியவில்லை. கோப்பையைச் சுற்றி வந்து பின்னால் முடிந்தது. 'மோட்டார் சைக்கிள் பந்தயம், முதல் பரிசு' என்பதற்குப் பிறகு, இத்தனை காலம் சுவருக்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்த மீதி:

'சைடுகாரில் உட்கார்ந்து வந்தவருக்கு.'

மாடியில் பெரியப்பா, "கைப்பிடியைப் பிடித்த அந்தக் கை!" என்று இரண்டாவது முறை ஆரம்பித்தார்.

மனைவி துணியை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அழைப்பிதழ் வந்த நாளிலிருந்து மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவது மாதிரி இருந்தது அவருக்கு. "நான் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்." மனிதர் சாகும் வரை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கோப்பையை இப்படித் திருப்பி முடுக்கியவர் அவருடைய மகன், அதாவது பெரியப்பாவின் அப்பா. தெரிந்தே முடுக்கினாரோ, இஞ்சின் இருக்கும் பக்கம் பார்க்க அழகு என்று முடுக்கினாரோ, கேட்க இப்போது ஆள் இல்லை.

"பூனையோட இடம்" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னது?"

"பட்டறையில அந்தக் கூடை இருக்கு. பூனை தூங்குது. அது என் இடம்."

*

பெரியப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் போட்டு இறங்கி வந்தார். முட்டி வலி என்றால் அப்படி ஒரு முட்டி வலி. கோப்பையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பட்டையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே மேசையை ஒரு முழுச் சுற்று வந்தார்.

அடுத்த நொடி, கைத்தடி ஒரு பக்கம் கிடக்க, கூடத்தைத் தாண்டி ஒரே எட்டில் ஜன்னலுக்குப் போய்ச் சாத்தினார். அடுத்த ஜன்னலுக்கு ஓடினார். மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறி, மேல் ஜன்னலையும் சாத்திவிட்டு அதே வேகத்தில் இறங்கி வந்தார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மாமா" என்றாள் மனைவி. "உங்க முட்டியை நாங்க மட்டும்தான் பாத்தோம்."

பெரியப்பா குனிந்து முட்டியைப் பார்த்தார். அது ஒன்றும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, காலதாமதமாக ஒரு முனகல் போட்டார்.

"திருப்பி மாடத்துல வச்சு முடுக்குடா."

"நாளைக்கு மேடைக்குப் போகணுமே பெரியப்பா?"

"முன்பக்கம் மட்டும் தெரியற மாதிரி வைப்போம்."

"சுத்துற மேசை?"

பெரியப்பா அந்த மேசையைப் பார்த்த பார்வை, பெற்ற பிள்ளையே காலை வாரிவிட்டால் பார்க்கிற பார்வை. "சுத்த வேணாம். நிறுத்திடலாம்."

"'நாலா திசைக்கும் சுழலும் புகழ்'னு அழைப்பிதழ்ல போட்டிருக்கீங்க மாமா" என்றாள் மனைவி. "முதல் வரிசையில இருக்கறவங்க எழுந்து பின்னாடி போய்ப் பாக்க மாட்டாங்களா?"

எல்லா ஜன்னலும் சாத்தியிருந்ததால் கூடம் புழுங்கியது. கண்ணாடிக்காரர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். வாயைத் திறந்தபோது வார்த்தை அவர் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

"பெரியப்பா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அன்னைக்கு மெத்தைக் கடையில வேகத்தால போய் விழல; பிரேக்கைத் தேடிக்கிட்டே போய் விழுந்தேன். நாளைக்கு ஓட்டினா அங்க மெத்தை இருக்காது. ஆனா பக்கத்துல உக்காரச் சொல்லுங்க, உக்கார்றேன். தாத்தா பண்ணின மாதிரியே பண்றேன். அதான் எனக்குத் தெரிஞ்ச வேலை."

பெரியப்பாவின் மேடைக் குரல் கழன்று விழுந்து, வீட்டுக் குரல் மட்டும் இருந்தது.

"உங்கப்பன் சைக்கிள்லயே பின் சீட்டுதான்டா. நான்தான் மிதிப்பேன்னு ரெண்டு பேரும் சண்டை போடுவோம்னு ஊர்ல சொல்லிக்கிட்டிருந்தோம். உண்மையில, நீ மிதி, நீ மிதின்னு சண்டை."

"அப்ப நீங்க?"

"ஒவ்வொரு விழாவுலயும் எவனாவது ஒருத்தன் வண்டிச் சாவியைக் கொண்டாந்து நீட்டுறான். புயல் பேரனாச்சே, ஒரு சுத்து போங்கன்னு. எத்தனை வருஷம்தான் இந்த முட்டியை வச்சு ஓட்டுறது?" கோப்பையில் தொங்கிக்கொண்டிருந்த தாத்தாவைத் திரும்பப் பார்த்தார். "நல்லாத்தான் சாஞ்சிருக்காரு, இல்ல?"

"பிரமாதமா மாமா" என்றாள் மனைவி. அவள் எழுந்து போய் ஜன்னலை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

பெரியப்பா காற்று வாங்கினார். பிறகு, குணம் போகுமா, "பேனா கொண்டா. பேச்சை மாத்தணும்" என்றார்.

பட்டறைக்காரருக்குச் செய்தி போனபோது, தொலைபேசியில் ஒரு பெருமூச்சு கேட்டது, காது நோகும் அளவுக்கு.

"அப்ப வண்டியை நான்தான் ஓட்டுறேனா சார்? நீங்க ஓட்டல? நிச்சயமா? மாத்திப் பேச மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு, "பூனையை இப்பவே எழுப்பிடறேன்" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம். கோப்பை மேடையில் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி வரும், காதுக்காரர் வருவார், வண்டி வரும், காதுக்காரர் வருவார். பெரியப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார். அது ஒருமுறை வீறிட்டு அடங்கியது.

"ஓட்டுகிறவன் யார்? ஒரு கைப்பிடிக்கு அடிமை! சாய்கிறவன் யார்? அவனுக்கு இந்த வெட்டவெளியே கைப்பிடி! எங்கள் குடும்பம் என்றைக்கும் கைப்பிடிக்கு ஆசைப்பட்டதில்லை!"

நேற்று வரை கைப்பிடியைப் பற்றியே பேசியவர் என்று யாருக்கும் நினைவில்லை. கைதட்டினார்கள். கோட்டைக் கழற்றவில்லை, அந்த விஷயத்தில் அவர் மாறவில்லை.

வண்டி பெரிய இருமலோடு கிளம்பியது. பிரம்புக் கூடைக்குள் இருந்த கண்ணாடிக்காரரின் கால்சட்டையில் பூனை மயிர் ஒட்டியிருந்தது. முதல் வளைவு வந்தது. உடம்பு, யாரையும் கேட்காமல், தானாகப் போனது. இடுப்பு வரை வெளியே தொங்கினார். புல் முகத்துக்குப் பக்கத்தில் பச்சைக் கோடாக ஓடியது. அடுத்த வளைவு எதிர்ப்பக்கம். எழுந்து, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்தார். சக்கரம் தரையை விடவில்லை. காதுகள் இரண்டும் காற்றில் படபடத்தன.

"சார்!" என்று பட்டறைக்காரர் கத்தினார். "இதுக்கு முன்னாடி உக்காந்திருக்கீங்களா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து!"

இரண்டு சுற்று என்று சொன்னது நாலு ஆனது. பட்டறைக்காரருக்கு நிறுத்த மனம் வரவில்லை. பிரேக்கும் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் வண்டி தானாக மூச்சு வாங்கி, மேடைக்கு எதிரே நின்றது.

கண்ணாடிக்காரர் இறங்கினார். நின்றுகொண்டிருந்தார், விழவில்லை, யாரும் மெத்தை கொண்டுவரவில்லை. அவர் கடையில் கண்ணாடி வாங்கியவர்கள் எல்லாரும் அதே கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டு சூழ்ந்தார்கள். "எப்படி சார் அப்படித் தொங்கினீங்க? எப்ப பழகினீங்க? எப்படி இருந்துது?"

அவர் யோசித்துப் பார்த்தார். சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

"நான் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். காத்து நல்லா வந்துது."

கூட்டத்தில் ஒரு பெரியவருக்குக் கண் கலங்கியது. "பாத்தியா?" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "என்ன ஒரு அடக்கம்!"

மறுத்துச் சொல்லலாமா என்று கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். மைதானத்தின் ஓரத்தில் மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாடத்தைச் சரிசெய்யும் வரை கோப்பை உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று பெரியப்பா கொடுத்து அனுப்பியிருந்தார். அதை இடித்து, கை நுழையும்படி ஆழமாகக் கட்டப் போகிறாராம். கோப்பையை மடியில் வைத்து இரண்டு காதையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பேசினது போதும்" என்றாள் அவள். "ஏறுங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார்.